ஜி.எச். யார் கையில் இருக்கிறது?

கேட்டவர் எழுதியிருப்பது இது. அவருடைய தாத்தா 1956இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்தவர். வீட்டுச் சுவரில் இருக்கும் பட்டத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறது. தங்கை இப்போது அதே கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். அவருடைய ஹால் டிக்கெட்டில் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் என்று இருக்கிறது. கல்லூரியோடு சேர்ந்த ஆஸ்பத்திரியை, ஊரார் ஜி.எச். என்பதை, தாத்தா ‘ஜெனரல் ஆஸ்பத்திரி’ என்று சொல்லுவாராம். இப்போது வாசலில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை என்று பலகை. அப்படியானால் இந்த ஆஸ்பத்திரி பல்கலைக்கழகத்துடையதா, கல்லூரியுடையதா, அரசுடையதா? நடுவில் கைமாறியதா? தாத்தாவின் பழைய ஆவணங்கள் வேண்டுமென்றால் எந்தக் கதவைத் தட்டுவது?

அந்த வளாகத்தில் படித்து, அங்கேயே வார்டிலும் வகுப்பிலுமாகப் பல வருடம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆஸ்பத்திரி எந்தக் காலத்திலும் பல்கலைக்கழகத்தின் கையில் இருந்ததில்லை. பல்கலைக்கழகம் மாறியபோது பட்டத்தின் மேல் இருக்கும் முத்திரை மாறியது. வார்டின் சாவி மாறவில்லை. ஏன் அப்படி என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும், ஏனென்றால் இங்கே முதலில் வந்தது ஆஸ்பத்திரி. அதன் வயிற்றில்தான் கல்லூரி பிறந்தது. பல்கலைக்கழகம் கடைசியாக வந்து சேர்ந்த உறவு.

1664ஆம் ஆண்டு நவம்பரில், புனித ஜார்ஜ் கோட்டைக்குள், கிழக்கிந்தியக் கம்பெனியின் நோயுற்ற சிப்பாய்களுக்காக ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். அப்போது கோட்டைக்குத் தலைவராக இருந்தவர் சர் எட்வர்ட் விண்டர். கப்பலில் வந்து இறங்கிய ஆட்கள் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் விழுந்துகொண்டிருந்தார்கள். படுக்கவைக்க இடம் வேண்டும். அவ்வளவுதான் நோக்கம். ஊர் மக்களுக்கு மருத்துவம் என்ற எண்ணமே அதில் கிடையாது. ஆளுநர் எலிஹு யேல் காலத்தில் கோட்டைக்குள்ளேயே வேறு கட்டடம் கிடைத்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து 1749 வரை வைத்திருந்தார்கள். அதன் பிறகு ஆஸ்பத்திரி கோட்டைக்கு வெளியே இடம் தேடி அலைந்து, 1772இல்தான் இன்று சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே நாம் பார்க்கும் இடத்தில் நிலைத்தது. அப்போதும் அது பட்டாளத்து ஆஸ்பத்திரிதான். 1786இல் மாகாணத்துக்கு ஒரு மருத்துவமனை வாரியம் அமைத்து, ஜேம்ஸ் ஆண்டர்சனை ஃபிசிஷியன் ஜெனரலாக, அதாவது தலைமை மருத்துவராக, போட்டார்கள். எந்த ஆஸ்பத்திரிக்கு யார் சர்ஜன், எவ்வளவு மருந்து என்று ஒரு மேசையிலிருந்து முடிவெடுக்கும் வழக்கம் அன்று தொடங்கியது. இன்றைக்குத் தலைமைச் செயலகத்தில் ஒரு கோப்பு நகர்ந்தால்தான் டீன் மாறுகிறார் என்றால், அதன் வேர் அங்கே இருக்கிறது.

கல்லூரி எப்படி வந்தது? பட்டாளத்துக்கு டாக்டர் மட்டும் போதாது. புண்ணுக்குக் கட்டுப் போடவும், மருந்து கலக்கவும், ரெஜிமெண்டோடு ஊர் ஊராகப் போகவும் ஆட்கள் வேண்டும். 1827இல் ஆஸ்பத்திரியின் கண்காணிப்பாளராக வந்த டாக்டர் மார்ட்டிமர் தன் சொந்த முயற்சியில் ஒரு பள்ளி நடத்திக்கொண்டிருந்தார். 1835 பிப்ரவரி 2ஆம் தேதி ஆளுநர் சர் ஃபிரெடரிக் ஆடம் அதை அரசு மருத்துவப் பள்ளியாகத் திறந்துவைத்தார். அதற்குச் சில நாள் முன்புதான் கல்கத்தாவில் மருத்துவக் கல்லூரி தொடங்க உத்தரவு வந்திருந்தது. இங்கே கவனிக்க வேண்டியது, ஆஸ்பத்திரியை நடத்தியவரே பள்ளியையும் நடத்தினார் என்பது. பாடம் வேறு, வேலை வேறு என்று இரண்டு நிர்வாகம் அப்போது கிடையாது. 1842இல் ஆஸ்பத்திரியின் கதவு இந்தியர்களுக்கும் திறந்தது. 1850 அக்டோபர் 1 முதல் பள்ளி ‘சென்னை மருத்துவக் கல்லூரி’ ஆனது. 1852இல் படித்து வெளிவந்த முதல் மாணவர் அணிக்குப் பட்டயம் கொடுத்தது கல்லூரிதான், பல்கலைக்கழகம் இல்லை. பல்கலைக்கழகமே அப்போது பிறக்கவில்லை!

சென்னைப் பல்கலைக்கழகம் 1857 செப்டம்பரில் உருவானது. அதன் அமைப்பைப் புரிந்துகொண்டால் உங்கள் கேள்வியில் பாதி தீர்ந்துவிடும். 1854ஆம் ஆண்டு சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கையின்படி கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றையும் அன்றைய லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில் அமைத்தார்கள். அந்த மாதிரியில் பல்கலைக்கழகம் பாடம் நடத்தாது. பாடத்திட்டம் வகுக்கும், தேர்வு வைக்கும், தேறியவருக்குப் பட்டம் கொடுக்கும். ஆசிரியர், கட்டடம், படுக்கை, சம்பளம் எல்லாம் கல்லூரியை நடத்துபவர் பொறுப்பு. ஆகவே சென்னை மருத்துவக் கல்லூரி பல்கலைக்கழகத்தோடு இணைந்தபோது, பட்டம் கொடுக்கும் உரிமையை மட்டும் அங்கே ஒப்படைத்தது. மற்ற அனைத்தும் அரசிடமே தங்கிவிட்டது. இணைவு என்ற சொல்லைக் கேட்டதும் இரண்டு சொத்து ஒன்றானது போல ஒரு படம் மனத்தில் வருகிறது. அந்தப் படத்தைத் துடைத்துவிடுங்கள். தேர்வு எழுதும் உறவு என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

அரசு என்றேனே, அந்த அரசின் கை அப்போது இந்தியன் மெடிக்கல் சர்வீஸ், சுருக்கமாக ஐ.எம்.எஸ். அதன் அதிகாரிகள் சீருடை அணிந்த ராணுவ டாக்டர்கள். அமைதிக் காலத்தில் அவர்களைச் சும்மா வைத்திருக்க முடியாதென்று சிவில் ஆஸ்பத்திரிகளிலும் கல்லூரிப் பேராசிரியர் நாற்காலிகளிலும் உட்காரவைத்தார்கள். போர் வந்தால் திரும்ப அழைத்துக்கொள்ளலாம். மேலே, மாகாண மருத்துவத் துறையின் தலைவராக, சர்ஜன் ஜெனரல் இருந்தார். பேராசிரியர் பதவி பெரும்பாலும் அவர்களுக்கே என்றிருந்ததால், எவ்வளவு கெட்டிக்கார இந்திய டாக்டரும் உதவியாளராகவே ஓய்வுபெறும் நிலை நீண்ட காலம் இருந்தது. அதே அமைப்புக்குள்ளிருந்து நல்லதும் நடந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1875இல் மேரி ஷார்லீப் உட்பட நான்கு பெண்களை இந்தக் கல்லூரியில் சேர்த்துக்கொண்டார்கள். அதற்குப் பின்னால் நின்றவர் அன்றைய சர்ஜன் ஜெனரல் எட்வர்ட் பால்ஃபர். இங்கிலாந்திலேயே பெண்களுக்குக் கதவு சரியாகத் திறக்காத நாள் அது. 1912இல் முத்துலட்சுமி ரெட்டி இதே கல்லூரியிலிருந்து டாக்டராக வெளியே வந்தார்.

ஐ.எம்.எஸ். பிடி தளர்ந்தது இரண்டு காரணத்தால். முதல் உலகப் போர் அந்த அதிகாரிகளை உறிஞ்சி எடுத்துக்கொண்டது; காலி நாற்காலியில் இந்தியர்கள் உட்கார வேண்டியதாயிற்று. அடுத்து, 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இரட்டை ஆட்சி வந்தபோது மருத்துவம் மாகாண அமைச்சர்களின் பொறுப்புக்குப் போனது. நீதிக்கட்சி அமைச்சரவைக் காலத்தில் வெளியே பிராக்டிஸ் செய்யும் டாக்டர்களைக் கௌரவ மருத்துவர்களாக அரசு ஆஸ்பத்திரிகளில் நியமித்தார்கள். ஊதியத்துக்காக அவர்கள் வரவில்லை. வார்டும் மாணவர்களும் கிடைப்பதையே பெரிதாக நினைத்தார்கள். ஜி.எச். வாசலில் சிலையாக நிற்கும் ரங்காச்சாரி இந்த மாற்றத் தலைமுறையைச் சேர்ந்தவர். பேர்பெற்ற அறுவை சிகிச்சை நிபுணர். தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அந்தச் சிலையைக் கடந்துபோகிறார்கள். உங்கள் தங்கையை ஒருநாள் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

1939இல் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் கல்லூரியின் முதல் இந்திய முதல்வரானார். மகப்பேறு மருத்துவர். 1942இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகி 1969 வரை, 27 வருடம், அந்தப் பதவியில் இருந்தார். உங்கள் தாத்தா பட்டம் வாங்கிய ஆண்டில் துணைவேந்தர் அவர்தான். கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் காகிதத்தில் இருந்த மெல்லிய உறவு அந்த ஒரு மனிதரால் கெட்டியாக இருந்தது என்பது என் எண்ணம். நாட்டின் மருத்துவ அமைப்பை ஆராய்ந்து 1946இல் அறிக்கை கொடுத்த சர் ஜோசப் போர் (Bhore) குழுவில் அவரும் உறுப்பினர். இரண்டு தரத்தில் டாக்டர்களை உருவாக்காமல் எம்.பி.பி.எஸ். ஒன்றையே வைத்துக்கொள்ளலாம் என்ற பாதையை நாடு எடுத்தது அந்த அறிக்கைக்குப் பிறகுதான்.

மூன்றாவதாக ஓர் எஜமானரும் உண்டு. இங்கே வாங்கிய பட்டத்தைப் பிரிட்டனின் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் ஏற்றுக்கொண்டுவந்தது. பிரசவப் பயிற்சி போதவில்லை, நாங்கள் வந்து பார்க்க வேண்டும் என்று 1920களில் அவர்கள் அழுத்தம் கொடுத்தார்கள். இழுபறி முற்றி 1930இல் இந்தியப் பட்டங்களுக்கான அங்கீகாரத்தை நிறுத்தினார்கள். அதற்குப் பதிலாக வந்ததுதான் 1933ஆம் ஆண்டு இந்திய மருத்துவ கவுன்சில் சட்டம். அது 1956இல் புதுச் சட்டமாகி, 2020இல் கவுன்சிலே போய்த் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. எத்தனை மாணவருக்கு எத்தனை படுக்கை, எத்தனை பேராசிரியர், ஒரு யூனிட் எவ்வளவு பெரிது என்று கணக்குப் போடுவது அவர்கள். பணம் ஒரு காசு தரமாட்டார்கள். ஆனால் ‘இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது’ என்று சொன்னால் கல்லூரியே எழுந்து நிற்கும்.

சுதந்திரத்தோடு ஐ.எம்.எஸ். கலைந்தது. கல்லூரிக்கு ஒரு முதல்வர், ஆஸ்பத்திரிக்கு ஒரு கண்காணிப்பாளர் என்றிருந்த இரண்டு நாற்காலிகள் காலப்போக்கில் டீன் என்ற ஒரே நாற்காலியில் சேர்ந்தன. இயக்ககங்களோ எதிர்த் திசையில் போயின. 1966இல் மருத்துவக் கல்விக்கென்று தனி இயக்ககம் பிரிந்தது. அதைத்தான் எல்லோரும் டி.எம்.இ. என்கிறார்கள். தாலுகா, மாவட்ட ஆஸ்பத்திரிகள் டி.எம்.எஸ்., அதாவது மருத்துவப் பணிகள் இயக்ககத்தின், பக்கம், கல்லூரியோடு சேர்ந்த ஆஸ்பத்திரிகள் டி.எம்.இ. பக்கம். இந்தப் பிரிவு ஒரு டாக்டரின் வாழ்க்கையையே தீர்மானிக்கிறது. ஒரே தேர்வாணையத்தில் தேறி ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேரில் ஒருவர் உதவிப் பேராசிரியராகிறார், மற்றவர் மாவட்ட ஆஸ்பத்திரியில் சிவில் சர்ஜனாகிறார். இருவருக்கும் சம்பளம் போடுவது மக்கள் நல்வாழ்வுத் துறைதான். பல்கலைக்கழகம் இருவரில் எவருக்கும் சம்பளம் தருவதில்லை.

இப்போது ஹால் டிக்கெட்டுக்கு வருவோம். 1980களில் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகள் ஆளுக்கொரு பல்கலைக்கழகத்தில் இருந்தன. சென்னைக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தில், மதுரை மருத்துவக் கல்லூரி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில், கோவை பாரதியாரில், தஞ்சை பாரதிதாசனில். ஒரே அரசு நடத்தும் கல்லூரிகள். ஆனால் தேர்வுத் தேதி வேறு, விதி வேறு. ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் மாணவருக்கும், மாநிலம் முழுக்க மாற்றலாகும் ஆசிரியருக்கும் இது தலைவலி. எல்லா மருத்துவ, பல் மருத்துவ, செவிலியர், மருந்தியல் கல்லூரிகளையும் ஒரு குடைக்குள் கொண்டுவர 1987இல் சட்டம் செய்து, 1988இல் கிண்டியில் மருத்துவப் பல்கலைக்கழகம் இயங்கத் தொடங்கியது. அது யாருடைய பெயரைத் தாங்கியதோ அந்த எம்.ஜி.ஆர். 1987 டிசம்பரில் மறைந்திருந்தார். 131 வருடத்துக்குப் பிறகு எம்.எம்.சி., அதாவது சென்னை மருத்துவக் கல்லூரி, பல்கலைக்கழகம் மாறியது இப்படித்தான். அன்று காலை ஜி.எச்.சில் ஓ.பி. வழக்கம்போல நடந்தது, எந்த நோயாளிக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

ஆக மேலே மூன்று கோடுகள். பணமும் ஆளும் அரசிடமிருந்து, தேர்வும் பட்டமும் பல்கலைக்கழகத்திடமிருந்து, அளவுகோல் டில்லியிலிருந்து. கீழே வார்டில் இறங்கிப் பாருங்கள், மூன்றும் ஒரே ஆளின் தலையில் வந்து உட்காரும். அந்த ஆள் யூனிட் சீஃப். அவருக்குக் கீழே உதவிப் பேராசிரியர்கள், பி.ஜி. மாணவர்கள், ஹவுஸ் சர்ஜன்கள். சீஃபின் அட்மிஷன் டேயில் வந்த நோயாளிகள் அனைவரும் அவருடைய பொறுப்பு. காலை ரவுண்ட்ஸில் அவர் ஒரு வயிற்றை அமுக்கிப் பார்க்கும்போது அரசு மருத்துவராக நோயாளிக்கு வைத்தியம் செய்கிறார். அதே நொடியில் பக்கத்தில் நிற்கும் மாணவியிடம் ‘என்னம்மா தட்டுப்படுகிறது?’ என்று கேட்கும்போது ஆசிரியர். தேர்வு நாளில் பல்கலைக்கழகம் நியமித்த தேர்வாளராக அதே வார்டில் உட்கார்ந்து மதிப்பெண் போடுகிறார். இன்ஸ்பெக்‌ஷன் அன்று தலையெண்ணிக்கையில் ஒருவர்.

வார்டில் மட்டும் இல்லை. விபத்தில் இறந்த ஒருவரின் உடலை எடுத்துக்கொள்ளுங்கள். கேஷுவாலிட்டியில் விபத்துப் பதிவேட்டில் எழுதுவது ஆஸ்பத்திரி. போலீசுக்குத் தகவல் போவது நிலைய மருத்துவ அலுவலர், அதாவது ஆர்.எம்.ஓ., பொறுப்பில் இருக்கும் வழி. போஸ்ட்மார்ட்டம் செய்வது கல்லூரியின் தடயவியல் மருத்துவத் துறை. அதே மேசையைச் சுற்றி நின்று மாணவர்கள் படிக்கிறார்கள். ரத்தப் பரிசோதனை ஆய்வகங்களும் இப்படித்தான். நோயியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் எல்லாம் பெயரில் கல்லூரித் துறைகள். ஆனால் வார்டிலிருந்து போகும் ஒவ்வொரு ட்யூபும் அங்கேதான் போகிறது. இதில் கல்லூரி எங்கே முடிகிறது, ஆஸ்பத்திரி எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. போடவும் கூடாது என்பது என் உறுதியான கருத்து. டீன் ஒருவராக இருப்பதன் நியாயமே அதுதான்.

டீனின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பது வேறு கேள்வி. சுமார் 3,000 படுக்கைகள், வருடத்துக்கு 250 எம்.பி.பி.எஸ். மாணவர்கள், அதற்கு மேல் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை, குழந்தைகள் நல மருத்துவமனை, 1819இல் தொடங்கிய கண் மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் என்று கல்லூரியோடு இணைந்த நிறுவனங்களின் வரிசை. ஒவ்வொன்றுக்கும் தனி இயக்குநர் உண்டு. ஒரு பேராசிரியரை நியமிக்கவோ மாற்றவோ டீனால் முடியாது. அரசாணை வர வேண்டும். கட்டடத்தில் விரிசல் விட்டால் பொதுப்பணித் துறை. மருந்தைப் பொறுத்தவரை, 1995 முதல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுவதற்கும் மொத்தமாகக் கொள்முதல் செய்து கிடங்கில் வைக்கிறது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். அதில் இருக்கும் தொகைக்கு மருந்து எடுத்துக்கொள்ளலாம். டீன் கையில் கொஞ்சம் சுதந்திரமான பணம் வரத் தொடங்கியது அரசுக் காப்பீட்டுத் திட்டம் வந்த பிறகுதான். 2009இல் வந்து, 2012இல் புது வடிவம் பெற்ற அந்தத் திட்டத்தில், அரசு ஆஸ்பத்திரியில் செய்யும் அறுவை சிகிச்சைக்கும் தொகை வருகிறது. வெளியே தெரியாத மாற்றம், ஆனால் என்னைக் கேட்டால் 1966க்குப் பிறகு ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் நடந்த மிகப் பெரிய மாற்றம் அதுதான்.

பல்கலைக்கழகமே ஆஸ்பத்திரி வைத்து நடத்தினால் எப்படி இருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் இங்கேயே ஓர் உதாரணம் இருக்கிறது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியைத் தொடங்கியது. கல்லூரி, ஆஸ்பத்திரி, பட்டம் மூன்றும் ஒரே கையில். பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியில் விழுந்து 2013இல் அரசு தனிச் சட்டம் செய்து அதை எடுத்துக்கொண்டபோது, ஆஸ்பத்திரியும் உயர்கல்வித் துறையின் கீழ் வந்தது. அரசுடையதான பிறகும் கட்டணம் குறையவில்லை, எம்.பி.பி.எஸ்.ஸுக்கு வருடம் ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேல். 2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் இறங்கி ஐம்பது நாளுக்கு மேல் விடவில்லை. 2021 தொடக்கத்தில் அரசு அதை உயர்கல்வித் துறையிலிருந்து மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றிக் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆக்கியது. கட்டணம் மற்ற அரசுக் கல்லூரிகளைப் போல 13,610 ரூபாய்க்கு வந்தது. கட்டடம் அதேதான், டாக்டர்களும் அவர்களே. கோப்பு எந்தத் துறைக்குப் போகிறது என்பது மட்டும் மாறியது. நிர்வாக வரலாறு காய்ந்த விஷயம் என்று நினைப்பவர்கள் அந்த மாணவர்களின் பெற்றோரிடம் கேட்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான பாதை புதுச்சேரி ஜிப்மர். முதலில் சென்னைப் பல்கலைக்கழகம், பிறகு புதுச்சேரிப் பல்கலைக்கழகம் என்று இணைந்திருந்து, 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாகி, இப்போது தன் பட்டத்தைத் தானே கொடுக்கிறது.

பெயர் மாற்றம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ராஜீவ் காந்தியின் பெயர் 2011இல் வந்தது. உரிமை எதுவும் அதனால் மாறவில்லை. 2009இல் இடிக்கப்பட்ட பழைய மத்தியச் சிறையின் நிலம் கல்லூரிக்குக் கிடைத்து, அங்கே புதுக் கட்டடம் எழுந்தது மட்டும் பெரிய மாற்றம். தாத்தா உடற்கூறியல் படித்த சிவப்புக் கட்டடம் இன்னும் நிற்கிறது.

தாத்தாவின் ஆவணங்களுக்கு இந்தப் பிரிவினையை அப்படியே பின்பற்றுங்கள். பட்டம், மதிப்பெண் சம்பந்தப்பட்டவை சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில். கிண்டிக்குப் போய் அலையாதீர்கள், 1988க்கு முந்தைய அணிகள் அங்கே வராது. அவர் கல்லூரியில் சேர்ந்த விவரம் டீன் அலுவலகத்தில் கேட்க வேண்டியது. டாக்டராகப் பதிவு செய்த எண், மாநில மருத்துவ கவுன்சிலில். 1914ஆம் ஆண்டு மாகாணச் சட்டத்திலிருந்து தொடர்ந்து வரும் பதிவேடு அது. அரசுப் பணியில் இருந்திருந்தால் அவர் பெயர் வரும் பழைய அரசாணைகளை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடலாம். பட்டத்தின் நகல் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள், தேர்வு எழுதிய மாதமும் பதிவெண்ணும் இருந்தால் தேடுபவருக்குப் பாதி வேலை மிச்சம்.